குறி போடாத சட்டை

அந்தத் துணிமூட்டை மேசைமேல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் லாண்டரிக் கடைக்காரர், மனைவியைப் பறிகொடுத்தவர், துறவு மடம் ஒன்றில் கொஞ்ச நாள் தங்கிவிட்டுத் திரும்பினார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தண்ணீர் எடுத்துக் கொடு என்று கேட்கிற அதே குரலில், “நான் அங்கேயே போயிடலாம்னு இருக்கேன். மிச்சம் இருக்கற வாழ்க்கையை ஆண்டவருக்குக் குடுத்துடறேன்” என்றார்.

மகன் டம்ளரை வைத்த வேகத்தில் மேசை நனைந்தது. மருமகள் வாய்மேல் கையை வைத்தாள். மூத்தவளான மகள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மூட்டையில் இருப்பவை அப்பாவின் துணிகள். மடத்தில் எல்லோருடைய துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைப்பார்களாம். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு குறி தைத்துக் கொண்டுவர வேண்டும். கறுப்பு நூல்கண்டு ஒன்றை அவர்களே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அப்பா அதை மகளிடம் நீட்டி, “நீயே போட்டுக் குடுத்துடும்மா, எனக்கு ஊசியில நூலே கோக்க வராது” என்றார்.

என்ன பெரிய காரியம், நாலு தையல்தானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சங்கதி.

அவர்கள் கடையில் வருகிற துணிக்கெல்லாம் குறி உண்டு. பல் டாக்டர் வீட்டுத் துணிக்கு நீல நூலில் ஒரு பெருக்கல் குறி. ஓட்டல் விரிப்புக்குச் சிவப்பில் இரட்டைக் கோடு. காலருக்கு உள்பக்கம், இடுப்புப் பட்டியின் மூலை என்று அதற்கென்று இடமும் உண்டு. குறி இல்லாத துணி ஒரே ஒரு வீட்டினுடையதுதான், அவர்கள் வீட்டினுடையது. “நம்ம துணியை நமக்குத் தெரியாதா? அடையாளம் எல்லாம் வெளியாளுக்குத்தான்” என்று அம்மா போட்டுவிட்டுப் போன சட்டம் அது. மெஷினிலிருந்து குறியில்லாமல் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வீட்டு அலமாரிக்குப் போய்விடும்.

இதனால் ஒருமுறை மானம் கப்பலேறியது. யாரோ புது வாடிக்கையாளரின் சட்டை, குறி போட மறந்துபோய், நேராக வீட்டு அலமாரியில் ஏறிவிட்டது. அப்பாவும் அதை மாட்டிக்கொண்டு பூசைக்குப் போய்விட்டார். சட்டையின் சொந்தக்காரர் பின் பெஞ்சில்! பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அந்த மனிதர் அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு என் சட்டை நல்லாவே பொருந்துது” என்றாராம். அம்மா சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஆக, அப்பாவின் சட்டையில் மகள் குறி தைத்தாள் என்றால், அவர் வெளியாள் ஆகிவிட்டார் என்று அர்த்தம். அதனால்தான் மூட்டை அப்படியே கிடக்கிறது.

இன்றைக்கு அதைத் தள்ளிப்போட வழியில்லை. சாயங்காலம் மடத்துத் தலைவர் போன் செய்யப் போகிறார். அப்பாவிடம் பேச அல்ல, மகளிடம் பேச.

“என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாராம். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாராம்” என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். “வீட்டுல நான் யாருக்காவது தேவையான்னு.”

“தேவைன்னு சொன்னா?”

“சேத்துக்க மாட்டாங்க. அது அவங்க ஒழுங்கு. வீட்டுல ஒரு ஜீவன் ஏங்கிக் கிடக்கும்போது ஆளைப் பிடுங்கிட்டு வர மாட்டாங்களாம்.”

அப்பாவின் குடுமியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

காலையிலிருந்து மூத்தவள் பேசவில்லை. கடையில் ஸ்டீம் பிரஸ் மட்டும் புஸ் புஸ் என்று பேசிக்கொண்டிருந்தது. மெஷின் பார்க்க வருகிற வேலைக்கார அம்மாவுக்கு இன்று லீவு. அப்பா பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலர், தோள், கை, பிறகு முதுகு. எத்தனை வருஷமாகப் போட்டாலும் அந்த வரிசை மாறாது.

“அந்த பாய்லரை இந்த மாசம் ஒருதடவை காட்டிடணும்மா” என்றார்.

அவள் மடித்த கோட்டுகளை எண்ணி அடுக்கினாள்.

“நான் போனாலும் அந்த மெக்கானிக் வந்து பாத்துப்பாரு. நம்பர் சுவத்துல எழுதியிருக்கு.”

“பாய்லருக்கு மெக்கானிக் இருக்காரு” என்றாள் மூத்தவள். “வேற யாருக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?”

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஓட்டலில் கொடுக்க வேண்டிய விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களுக்கு, “வந்ததெல்லாம் வெளுக்கற சரக்கா இல்லை” என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பாள். கேட்டவர் சிரிப்பார், அத்தோடு விட்டுவிடுவார். உண்மை என்னவென்றால், அம்மா படுத்த படுக்கையான பிறகு கடை, வீடு, ஆஸ்பத்திரி என்று ஓடியதில் அந்த நினைப்பே அவளுக்கு அற்றுப்போயிற்று. அம்மா போன பிறகு மிஞ்சியது அப்பா. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து காபி. பகலெல்லாம் கடையில் ஒருவர் முகம் ஒருவர் பார்த்து வேலை. ராத்திரி சேர்ந்து ஜெபமாலை, அப்பா பாதியிலேயே கண் அசந்துவிடுவார், மீதியை அவள் சொல்லி முடிப்பாள். பெரிய சந்தோஷம் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு அதுதான் வாழ்க்கை.

மத்தியானம் தம்பி வந்து குதித்தான். வீட்டில் அவனுக்கு ‘வக்கீல்’ என்று பேர். கோர்ட் வாசலை மிதித்தவன் இல்லை, டயர் கடையில் மேனேஜர். பேர் வந்தது வாயால்.

“அப்பா இல்லைதானே?” என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். “அக்கா, போன் வந்ததும் என்ன சொல்லணும்னு நான் யோசிச்சு வெச்சிருக்கேன்.”

“நீ யோசிக்காம இருந்தாதான் அதிசயம்.”

“கிண்டல் அப்புறம் பண்ணு. சர்க்கரை இருக்குன்னு சொல்லு. தலைசுத்தல்னு சொல்லு.”

“டேய், அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லைடா. மடத்துல போய்ப் பொய் சொல்லச் சொல்றியா?”

“சரி, பொய் வேண்டாம். தேவைன்னு சொல்லு. அது உண்மைதானே? ஒரே வார்த்தை. நீ அதைச் சொன்னா அவங்களே கையைக் கூப்பி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருப்பாரு, அப்புறம் சரியாயிடும்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “என் பொண்டாட்டிக்கு மாசம் நெருங்குது. பேரப்பிள்ளையைத் தூக்கி வெச்சுக்க வேண்டிய வயசுல சாமியாராப் போறேங்கறாரு. ஊர் என்ன சொல்லும்? பிள்ளைங்க துரத்திட்டாங்கன்னு சொல்லாது?”

“ஊர் சொல்லுமா, நீ சொல்றியா?”

வக்கீல் மடிப்பு மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றான்.

“அக்கா, சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்தா அவர் என்ன பண்ணுவாரு, ஞாபகம் இருக்கா? டிரையர்ல இருந்து எடுத்த சூட்டோட துண்டைக் கொண்டுவந்து என்மேல போத்துவாரு. என் பிள்ளைக்கும் அவரே போத்தணும்னு இருந்தேன்.” மூக்கை உறிஞ்சினான். “அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?”

“ஒரு தப்பும் இல்லைடா.”

“அப்போ சொல்லிடறியா?”

மூத்தவள் அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அந்த நிமிஷம் அவள் சொல்வதாகத்தான் இருந்தாள். ஒரே வார்த்தை. அப்பா எங்கேயும் போக மாட்டார். நாளைக்கும் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பார். ஆசை யாரை விட்டது?

அப்பா திரும்பி வந்தபோது டிரையரில் அடுத்த விரிப்புகள் காய்ந்திருந்தன. ஓட்டலின் பெரிய கட்டில் விரிப்பை ஓர் ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அவர்கள் பேசிக்கொள்ளாத நாளில்கூட இந்த வேலை நிற்காது. விரிப்பு முழுக்க மடிவதற்குள் கோபமும் மடிந்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

உதறினார்கள். நடந்தார்கள். அப்பாவின் விரல்கள் அவள் விரலில் முனையைக் கொடுத்துவிட்டுக் கீழே குனிந்து மடிப்பைப் பிடித்தன.

“இந்தப் பக்கத்தை இனிமே யாரு பிடிப்பா?” என்றாள் மூத்தவள்.

“ஆள் போட்டுக்கலாம்மா. மெஷின் பாக்கற அம்மாவோட தங்கச்சி வேலை கேட்டுட்டு இருக்கா.”

“விரிப்பு மடிக்க ஆள் கிடைப்பாங்கப்பா.”

அவர் மடிப்பைப் பிடித்தபடியே நின்றார்.

“ஏன்பா போறீங்க?” ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. “அம்மா இல்லாத வீட்டுல இருக்க முடியலையா? இங்கிருந்து ஓடறீங்களா? நான் ஏதாவது குறை வெச்சேனா? சொல்லிட்டாவது போங்க.”

“ஐயோ, நீ குறை வெச்சியா!” என்று பதறினார் அப்பா. “ஓடறவன் திரும்பிப் பாப்பானா? நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நிக்கறேனே. நீ படுத்தப்புறம்கூட வந்து பாக்கறேன், நீ தூங்கறியான்னு.”

“அப்போ எதுக்கு?”

அவருக்குப் பேச்சு சரளமாக வராது. கறை எப்படி எடுப்பது என்று கேட்டால் மடை திறந்தாற்போல் பேசுவார், மனசைப் பற்றிக் கேட்டால் தடுமாறுவார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு இந்த நினைப்பு உண்டு. உங்கம்மாகிட்ட மறைக்கலை. அவ சிரிச்சா. ‘என்னைக் கட்டிக்கிட்டு ஆண்டவரையும் நினைச்சுக்கோங்க, நான் சண்டைக்கு வரமாட்டேன். எனக்கப்புறம் வேணும்னா முழுசாப் போய்க்கோங்க’ன்னா. விளையாட்டாத்தான் சொன்னா. நான் நல்லாத்தான் வாழ்ந்தேன்மா. உங்கம்மாவோட ஒவ்வொரு நாளும் நல்ல நாள்தான். ஆனா உள்ளுக்குள்ள யாரோ கூப்பிட்டுட்டே இருந்த மாதிரி இருக்கும். கடைச் சத்தத்துல சரியாக் கேக்காது. மெஷினை எல்லாம் நிறுத்தினதும் திடீர்னு கடிகாரச் சத்தம் கேக்கும் பாரு, அந்த மாதிரி உங்கம்மா போனதுக்கப்புறம் தெளிவாக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு.”

அவர் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையிலும் விரிப்பு.

“அங்க விடியக்காலைல எல்லாரும் எழுந்து நின்னு பாடுவாங்க. எனக்குக் குரலும் இல்லை, ராகமும் தெரியாது. ஆனா அங்க நிக்கறப்போ, இத்தனை வருஷமா எங்க வரணும்னு தவிச்சேனோ அங்க வந்துட்டோம்னு இருந்துச்சு. ஆண்டவர் முன்னாடி சும்மா நின்னுட்டே மிச்ச நாளைக் கழிச்சிடணும்னு ஏக்கமா இருக்கும்மா. வெட்கத்தை விட்டுச் சொல்றேன். ஏக்கம்தான்.”

மூத்தவளுக்கு ஒன்று விளங்கியது. அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்க்க வெளியே பெஞ்சில் காத்திருப்பாரே, கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டு, அதே முகம். இத்தனை நாள் அவர் கடையில் நின்றுகொண்டே இன்னொரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

அப்போது போன் அடித்தது.

விரிப்பின் தன் முனையையும் அப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் எடுத்தாள். அப்பா அதைத் தரையில் படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“வணக்கம் ஃபாதர்.”

வயதான குரல். நிதானமான குரல். கடை எப்படிப் போகிறது என்று விசாரித்தது, தம்பி மனைவியின் உடம்பைப் பற்றிக்கூட விசாரித்தது. அப்பா அங்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

“உங்களைக் கஷ்டப்படுத்தக் கேக்கலைம்மா. உண்மையைச் சொன்னா போதும். உங்க அப்பா உங்களுக்குத் தேவைப்படறாரா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபிக்கிறாரா, பயப்படுகிறாரா, தெரியவில்லை. என்ன ஜெபித்திருப்பார் என்று எனக்கும் தெரியாது.

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் கதவு மூடிவிடும்.

“தேவைதான் ஃபாதர்” என்றாள்.

அப்பாவின் தோள் தொங்கிப்போயிற்று. விரிப்பின் ஒரு முனை தரையைத் தொட்டது, அவர் கவனிக்கவில்லை.

“ரொம்பத் தேவை. காலையில காபி குடிக்கறதுல இருந்து ராத்திரி ஜெபமாலை சொல்றவரைக்கும் தேவை. என் தம்பிக்கும் தேவை, பொறக்கப்போற பிள்ளைக்கும் தேவை.” குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. “அதனாலதான் குடுக்கறோம். வேண்டாத பொருளையா ஃபாதர் ஆண்டவருக்குக் காணிக்கை குடுப்பாங்க? அவரை நாங்க கழிச்சு விடலை. எங்ககிட்ட இருக்கறதுலயே நல்லது அவர்தான். வாங்கிக்கோங்க.”

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்படி ஒரு பதில் எனக்குப் பழக்கம் இல்லைம்மா” என்றது குரல். “நான் உடனே எதுவும் சொல்ல முடியாது. இந்த வாரத்துக்குள்ள நீங்க இங்க ஒருதடவை வரமுடியுமா? அப்பா வேண்டாம். நீங்க மட்டும் வாங்க.”

“நானா? எதுக்கு ஃபாதர்?”

“வாங்க, பேசலாம்.”

போனை வைத்தாள். அப்பா அசையாமல் நின்றார்.

“என்ன சொன்னாரு?”

“யோசிச்சுச் சொல்றேன்னாரு.” தன்னை மட்டும் வரச்சொன்னதை அவள் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நீ சொன்னதைக் கேட்டேன்” என்றார் அப்பா. விரிப்போடு போய் அவள் பக்கத்தில் நின்றார். மூத்தவள் தரையைத் தொட்ட முனையைப் பார்த்து, “இதைத் திரும்பத் துவைக்கணும்” என்றாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பிறகு மூட்டையை அவிழ்த்தாள்.

கறுப்பு நூலைக் கோத்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு சிறு தையல், பக்கத்தில் ஒரு முடிச்சு. அதுதான் அப்பாவின் குறி. மடத்தில் இறந்துபோன ஒரு துறவிச் சகோதரரின் குறியாம் அது, ஆள் போனதும் அடுத்தவருக்கு வரும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நினைத்தபோது ஊசி விரலில் குத்தியது. விரலைச் சப்பிவிட்டு மறுபடி தைத்தாள். காலருக்கு உள்ளே, இடுப்புப் பட்டியின் மூலையில், வெளியாள் துணிக்குத் தைக்கிற அதே இடத்தில். துணி சுருங்காமல் இருக்க மறுபக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு சட்டை மிஞ்சியது. வெளிர் பச்சை. அம்மா கடைசியாக வாங்கிக் கொடுத்தது. மூத்தவள் அதன் காலரைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு நூலை அறுத்து, ஊசியைக் கண்டில் குத்திவிட்டு, சட்டையை மடித்துக்கொண்டுபோய் வீட்டு அலமாரியில் வைத்தாள்.

“அதுக்குக் குறி?” என்றார் அப்பா.

“போடலை.”

“முழுசாக் குடுக்கணும்மா. ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது.”

மூத்தவள் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“உங்களையே குடுத்தாச்சுப்பா,” என்றாள். “சட்டை ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்.”